எந்த நூல் கணக்கில் சேரும்?

வெள்ளையரல்லாத எழுத்தாளர்களின் நூல்களை மட்டுமே ஓராண்டு வாசிப்பது என்று வரம்பு வகுத்துக்கொள்ளும் வழக்கம் மேலைநாட்டு வாசகர்களிடையே உண்டு. பீளமேட்டில் மாதந்தோறும் கூடிப் பேசும் நாங்கள் சிலர், அதை நம் மண்ணுக்கேற்ப மாற்றிக்கொண்டோம்: ஓராண்டில் 12 நூல்கள், அனைத்தும் தலித் எழுத்தாளர்கள் எழுதியவை. எளிதாகத் தோன்றிய இவ்வேலை முதல் நூலிலேயே விவாதமாயிற்று.

அந்நூல் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000). கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவன் கூளையனைப் பற்றிய நாவல். கொங்கு மண்ணின் சாதி வாழ்வை இத்தனை நுட்பமாகச் சொன்ன நாவல்கள் மிகச் சிலவே. ஆனால் ஆசிரியர் தலித் அல்லர். இது கணக்கில் சேருமா?

சேராது என்பதே எங்கள் நிலைப்பாடு. நாவலின் தரம் இங்கே கேள்வியன்று. 'யாரைப் பற்றி' என்பதை அளவுகோலாகக் கொண்டால், ஒடுக்கப்பட்டோர் பற்றிப் பிறர் எழுதியவற்றைக் கொண்டே 12 இடங்களையும் நிரப்பிவிடலாம். அமெரிக்காவில் ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1852இல் வந்தது. அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஃபிரடெரிக் டக்ளஸின் தன்வரலாறோ 1845லேயே வந்துவிட்டது. முன்னதில் அடிமை நம் இரக்கத்துக்கு உரியவர். பின்னதில் அவரே எழுத்தறிந்து, சிந்தித்து, வாதிடுகிறார். முன்னதை மட்டும் வாசித்தவருக்கு இரக்கம் வரும். எதிரே இருப்பவர் தம்மோடு வாதிடக்கூடிய நிகரானவர் என்ற உணர்வு வருமா என்பது ஐயமே.

"இலக்கியத்தில் சாதி பார்க்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நாம் பாராதிருந்தாலும் நம் அலமாரி பார்த்தே வந்திருக்கிறது. பாடத்திட்டங்களும் அப்படித்தான். 2021இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் ஆக்கங்கள் நீக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

இதைவிடக் கடினமான கேள்வி வேறு. 'பிறகு' (1979) எழுதிய பூமணியும் 'கூகை' (2005) எழுதிய சோ. தர்மனும் தங்களைத் தலித் எழுத்தாளர் என்று அடையாளப்படுத்துவதை ஏற்காதவர்கள். எழுத்தாளர் என்ற சொல்லுக்கு முன்னால் அடைமொழி எதற்கு என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. மற்ற சாதியில் பிறந்த எழுத்தாளர்களை நாம் அப்படி அழைப்பதில்லையே. ஆகவே அவர்களை இக்கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர்கள் நாவல்களை நாவல்களாகவே வாசிப்போம்.

இதிலிருந்தே இன்னொரு விதியும் பிறக்கிறது. எழுத்தாளரின் பிறப்பை நாம் துருவக் கூடாது. வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் "நீங்க எந்தப் பக்கம்? நீங்க யாருங்க?" என்று மரியாதையாகவே விசாரிக்கும் ஊர் நம்முடையது. அக்கேள்வி எதை அறிய விழைகிறது என்பது இரு தரப்புக்கும் தெரியும். நல்ல நோக்கத்துக்காகவும் அதையே நாம் கேட்கலாகாது. தம் எழுத்திலோ பேச்சிலோ தாமே தம்மை அறிவித்துக்கொண்டவர் மட்டும் போதும்.

'தலித்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்ளும் படிகள் உண்டு. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) தலித் மக்களுக்கே துணி வெளுக்கும் புதிரை வண்ணாரின் துயரைச் சொன்னது. அதனாலேயே தலித் விமர்சகர்களிடையே சர்ச்சைக்கும் உள்ளானது. கொங்குப் பகுதியில் பெருவாரியாக வாழும் அருந்ததியருக்கு 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009இல் சட்டமானது. இத்தகைய உள்வகைப்பாடு செல்லும் என 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அரசு கண்டுகொண்ட இவ்வேறுபாட்டை நம் வாசிப்பு இன்னும் கண்டுகொள்ளவில்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) தொடங்கிக் கொங்கு நாவலுக்கு நீண்ட மரபு உண்டு. அம்மரபில் கூளையனின் தரப்பிலிருந்து எழுந்த குரல்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நம் வறுமை புரியும். அருந்ததியர் தரப்பிலிருந்து எழுதிவரும் ம. மதிவண்ணனைக் கோவையில் எத்தனை வாசகர் வாசித்திருக்கிறோம்?

எனவே எங்கள் பரிந்துரை இது. ரெட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' (1939) தொடக்கமாகட்டும். ஈழத்துக் கே. டானியலின் 'பஞ்சமர்' (1972), சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989), பாமாவின் 'கருக்கு' (1992), ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) ஆகியவை தொடரட்டும். மதிவண்ணனுக்கு ஓர் இடம் கட்டாயம் வேண்டும். மீதமுள்ள இடங்களை அவரவர் தேடி நிரப்புக. 'கூளமாதாரி'யைப் பதின்மூன்றாவதாக, இவற்றையெல்லாம் வாசித்த பிறகு வாசிப்போம். அப்போது அந்நாவலில் முன்பு நம் கண்ணில் படாதவையும் புலப்படக்கூடும்.

இப்பட்டியல் எழுத்தாளருக்கு நாம் வழங்கும் அடையாள அட்டையன்று. இதுவரை எதை வாசிக்காமல் விட்டோம் என்பதற்கு நாம் எழுதிக்கொள்ளும் கணக்கு. ஆண்டு முடிந்ததும் பட்டியலைக் கிழித்துவிடலாம். நூல்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்.