மூலதனத்தின் குலமும் கோத்திரமும்

தூத்துக்குடி சிப்காட் தொழிற்பேட்டையில், 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4-ஆம் தேதியன்று, வின்ஃபாஸ்ட் என்னும் வியத்நாம் கம்பெனியின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 16,000 கோடி ரூபாய் வரை முதல் போடுவதாக வாக்களித்து வந்திருக்கும் இந்த அந்நியக் கம்பெனியை எவ்விதம் நோக்குவது என்ற விஷயத்தில், அந்நிய மூலதனம் எந்த ஊருக்கு எப்போது வந்தாலும் நம்மவரிடையே எழும் இரண்டு அபிப்பிராயங்களையே நாம் மறுபடியும் சந்திக்கிறோம். வருகிறவன் யாராயிருந்தால் என்ன, நம் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறானா என்பதுதான் பேச்சு என்பது ஒன்று. தேசாபிமானம் உள்ளவன் தன் நிலத்தையும் நீரையும் அந்நியனுடைய லாபத்துக்கு ஒப்புக்கொடுப்பானா என்பது மற்றொன்று. முன்னதற்கு வயிறு சாட்சி. பின்னதற்குச் சரித்திரம் சாட்சி. இரண்டையுமே அலட்சியம் செய்ய நாம் துணியோம். ஆனால் சரித்திரத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதென்றால், நமக்குப் பிடித்த பகுதியோடு நிறுத்திவிடாமல், அதன் வாக்குமூலம் முழுவதையும் கேட்டுவிடவேண்டும் என்பது நம் கட்சி. அதைக் கேட்பதற்கு, தூத்துக்குடியைக் காட்டிலும் பொருத்தமான ஊர் வேறொன்று நமக்குத் தென்படவில்லை.

பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள் விற்று 10 லட்ச ரூபாய் திரட்டுவதென்ற ஏற்பாட்டில், 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தபோது, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கடல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் ஏகபோக சொத்தைப் போல் இருந்தது. காலியோ, லாவோ என்ற இரண்டு சுதேசிக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்ததும், மேலும் குறைத்ததும், கடைசியில் காசே வாங்காமல் ஏற்றிச் செல்வதோடு குடை ஒன்றும் இனாமாகத் தருவதாக ஆசை காட்டியதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. அதே சிதம்பரம் பிள்ளை, 1908 பிப்ரவரி மாதக் கடைசியில், வெள்ளைக்கார ஹார்வி கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்த கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குச் சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து தலைமை தாங்கி, கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றுத் தந்தார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. தொழிலாளர் ஜெயித்த சில தினங்களில், மார்ச் 12-ஆம் தேதி, இருவரும் கைதானார்கள். பிள்ளை சிறையில் செக்கிழுத்த காலத்திலேயே, 1911-ல், கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தப் போட்டியாளனை வெல்வதற்காகக் கப்பல் வாங்கப்பட்டதோ, அந்தப் போட்டியாளனுக்கே அது விற்கப்பட்டது. விற்றவர்கள் அந்நியர்கள் அல்லர்.

ஒரே மனிதர், ஒரே ஊரில், இரண்டு ஆண்டுகளுக்குள் செய்த இவ்விரண்டு காரியங்களையும் சேர்த்து வைத்துப் பார்ப்பவர்களுக்கு, அவருடைய சுதேசியம் முதலாளியின் தோல் நிறத்தை மட்டும் பார்த்து உண்டானது அன்று என்பது விளங்கும். கட்டணத்தை இஷ்டம்போல் ஏற்றவும் இறக்கவும் எதிராளியை நசுக்கவும் வல்லதாய், அதே சமயம் ஊராரில் ஒருவருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாததாய் இருந்த ஒரு பலத்தை அவர் கடலில் எதிர்த்தார். கரையில், மில் வாசலில், எதிர்த்ததும் அதையேதான். கலெக்டரும் கம்பெனியும் ஒரே வர்க்கமாயிருந்த அந்நாளில், அந்நிய மூலதனமும் பதில் சொல்லாத மூலதனமும் ஒன்றாகவே இருந்தபடியால், அவற்றைப் பிரித்தறிய வேண்டிய அவசியம் எவருக்கும் நேரவில்லை. சுதந்திரம் வந்த பிறகே அவை தனித்தனியாக நடமாடத் தொடங்கின. நம் பொதுஜன அபிப்பிராயமோ, பழைய வழக்கத்தின் காரணமாக, ஒன்றைக் கண்டால் மற்றொன்றையும் கண்டுவிட்டதாகவே இன்றும் எண்ணிக்கொள்கிறது.

அந்த எண்ணம் எவ்வளவு அபாயகரமானது என்பதைக் காட்டவும் தூத்துக்குடிதான் முன்வருகிறது. ரத்னகிரி ஜில்லா விவசாயிகளின் எதிர்ப்பினால் மகாராஷ்டிரத்தை விட்டு வெளியேறிய ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு 1994-ல் இங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் அதிபர் பாட்னாவில் பிறந்த இந்தியர். தாய்க் கம்பெனியான வேதாந்தாவோ லண்டனில் பதிவு பெற்று, 2018 வரை அந்நகரத்துப் பங்குச் சந்தையில் இடம் பெற்றிருந்தது. சுற்றுப்புறத்தைக் கெடுத்ததற்காக 2013-ல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் நஷ்ட ஈடு செலுத்த உத்தரவிட்டு, ஆலை நடக்கவும் அனுமதித்தது. 2018 மே 22-ஆம் தேதி ஊரார் ஊர்வலமாகச் சென்று கலெக்டர் அலுவலகத்தை அடைந்தபோது நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தையும், அதில் 13 பேர் உயிரிழந்ததையும் நாம் விவரிக்க வேண்டியதில்லை. ஆலை மூடப்பட்டது, அதைத் திறக்கக் கோரிய மேல் முறையீட்டை 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இவ்வளவுக்கும் பிறகு, ஆலையின் தரப்பில் உரக்கப் பேசப்பட்ட வாதம் எது? தேசாபிமானம்! ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் உருக்கிய ஆலை நின்றதால், தாமிரம் ஏற்றுமதி செய்த இந்தியா இறக்குமதி செய்யும் தேசமாகிவிட்டது என்றார்கள். போராட்டத்தின் பின்னால் அந்நியக் கை இருந்தது என்றார்கள். முதலாவது உண்மைதான். ஆனால் தம் கிணற்று நீரைப் பற்றியும் தம் குழந்தைகளின் மூச்சைப் பற்றியும் கேட்டவர்களைத் தேசத்தின் பெயரால் வாய் மூடச் சொல்லும் அளவுக்குச் சுதேசியம் என்ற ஆயுதம் கை மாறிவிட்டது என்பதைத்தான் நாம் இங்கே கவனிக்க வேண்டும்.

சரி, அந்த ஆலை சுதேசியா, விதேசியா? சட்டத்தைக் கேட்டால் அது தரும் விடை விசித்திரமானது. அந்நிய நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, அரசியல் கட்சிகள் அந்நியரிடம் பணம் பெறலாகாது. ஸ்டெர்லைட் உள்ளிட்ட வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த கம்பெனிகளிடம் காங்கிரசும் பாரதிய ஜனதாவும் நன்கொடை பெற்றது அச்சட்டத்துக்கு விரோதம் என்று 2014 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஆகவே, விதேசி. 2016-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில், அந்நிய முதலீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் பங்கமைப்புக் கொண்ட கம்பெனிகள் அந்நியராகக் கருதப்படமாட்டா என்று ஒரு திருத்தம் நுழைக்கப்பட்டு, அது 2010-லிருந்தே அமலில் இருந்ததாகப் பாவிக்கப்பட்டது; ஆகவே, சுதேசி. அதற்கு முந்திய காலத்து நன்கொடைகள் இன்னும் வெளியே நிற்கக் கண்டு, 2018 மார்ச் மாதம், விவாதம் ஏதும் இன்றி லோக் சபையில் நிறைவேறிய நிதி மசோதாவின் மூலம், அந்தத் தேதி 1976-க்கே நகர்த்தப்பட்டது. ஒரு கம்பெனியை நாற்பது வருஷத்துக்கு முன்தேதியிட்டு உள்நாட்டதாக்கும் வித்தை பார்லிமெண்டிலே நடந்து முடிந்து, இரண்டே மாதங்களில், தூத்துக்குடியில் துப்பாக்கி வெடித்தது.

பெண் கொடுக்கிற வீட்டார் பிள்ளையின் குலத்தையும் கோத்திரத்தையும் துருவித் துருவி விசாரித்துவிட்டு, அவனுடைய நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேளாமல் விடுவதுண்டு. மூலதனத்தின் விஷயத்தில் நம் பொதுஜன அபிப்பிராயம் செய்வது இதுவே. கோத்திரமோ, மேலே கண்டபடி, ஒரு மசோதாவில் மாற்றி எழுதக்கூடியது. புகைபோக்கியிலிருந்து வரும் புகை எந்த மசோதாவுக்கும் கட்டுப்பட்டு நிறம் மாறுவதில்லை.

இந்த மயக்கம் நமக்கு மாத்திரம் உரியது அன்று. அமெரிக்கப் பெப்சி கம்பெனி பிரான்சின் டனோன் கம்பெனியை விழுங்கப்போகிறது என்ற வதந்தி 2005-ல் கிளம்பியபோது, பிரெஞ்சுப் பிரதமர் வில்பான் பொருளாதார தேசாபிமானம் என்ற கொடியை ஏற்றினார். மறு வருஷம் லட்சுமி மித்தல் ஆர்சலார் உருக்குக் கம்பெனியை வாங்க முற்பட்டபோது, அக்கொடி இன்னும் உயரப் பறந்தது; ஆர்சலாரின் தலைமையிடமே பாரிசில் இல்லை, லக்சம்பர்க்கில் இருந்தது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. இங்கே நாமோ, மித்தலின் கம்பெனி ராட்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்டதையும் அவர் லண்டனில் குடியிருந்ததையும் மறந்து, இந்தியன் ஒருவன் ஐரோப்பாவை ஜெயித்ததாக மகிழ்ந்தோம். 2007-ல் டாட்டா உருக்குக் கம்பெனி பிரிட்டனின் கோரஸை வாங்கியபோது அந்த மகிழ்ச்சி இரட்டித்தது. பதினேழு வருஷங்களுக்குப் பிறகு, 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி, வேல்ஸ் நாட்டுப் போர்ட் டால்பட்டில் கடைசி ஊது உலையை அதே டாட்டா கம்பெனி அணைத்தது; பிரிட்டன் முழுவதிலும் 2,800 வரை வேலைகள் போகும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஊர்த் தொழிலாளியின் வாசலில் நின்று பார்த்தால், அந்நிய முதலாளி என்பவர் பம்பாய்க்காரர். அந்தத் தொழிலாளி கேட்கும் கேள்விகளுக்கும், மறைமலைநகரில் ஃபோர்டு கம்பெனி 2021-ல் மூடுவதாக அறிவித்தபோது நம் தொழிலாளி கேட்ட கேள்விகளுக்கும், பாஷையைத் தவிர வேறு பேதம் உண்டா?

கோத்திரம் பார்க்கும் அபிப்பிராயத்துக்கு மற்றொரு பலவீனமும் உண்டு: அது சீக்கிரம் கொதிக்கும், சீக்கிரம் ஆறிவிடும். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் வேகத்தில், 2017 மார்ச் முதல் தேதியிலிருந்து அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் தீர்மானித்தன. தாமிரபரணி நீர் கங்கைகொண்டானில் புட்டிகளில் அடைபட்டுப் போவதைப் பற்றிய நியாயமான கோபம் அதில் இருந்தது. ஆனால் தீர்மானம் தாக்கியது புட்டியின் மேல் ஒட்டிய பெயரை. ஆற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எவ்வளவு நீரை, என்ன விலைக்கு, யார் எடுத்தாலும் கணக்குக் காட்ட வேண்டும் என்ற கோரிக்கையாக அக்கோபம் உருப்பெற்றிருந்தால், அது ஒரு சட்டமாக நிலைத்திருக்கும். உருப்பெறாததால், கோடை முதிர்வதற்குள் பழைய புட்டிகளே கடைகளில் தலைகாட்டின. 2020-ல் கல்வான் பள்ளத்தாக்கில் நம் சிப்பாய்கள் மாண்டதை அடுத்து 59 சீனச் செயலிகள் தடை செய்யப்பட்டன; சீனக் கம்பெனிகளின் கைப்பேசிகளோ, நம் சந்தையில் முன்வரிசையை விட்டு நகரவில்லை.

அப்படியானால் முதலுக்குரியவன் எந்த நாட்டான் என்று பார்க்கவே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், ஆனால் அதற்கு உரிய இடத்தில். ராணுவத் தளவாடம், தகவல் தொடர்பு போன்ற துறைகளில், கம்பெனியின் பின்னே நிற்கும் ராஜாங்கம் எது என்பது உயிர்நிலையான கேள்வி. எல்லைப்புற நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு முன் அனுமதி அவசியம் என்று 2020 ஏப்ரலில் மத்திய சர்க்கார் வகுத்த விதியை நாம் குறை சொல்லமாட்டோம். லாபம் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதும் அற்ப விஷயம் அன்று. எனினும், இந்தியாவுக்குள் வரும் அந்நிய முதலீட்டில் பெரும் பங்கு சிங்கப்பூர், மொரீஷியஸ் ஆகிய இரண்டு சிறு தீவுகளின் பெயரில் வருகிறது என்பதை நினைப்பவர்கள், பெயர்ப் பலகையிலிருந்து பணத்தின் பிறப்பிடத்தை அறிவது எவ்வளவு துர்லபம் என்பதையும் உணர்வார்கள்.

நடத்தையைப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமான காரியம் அன்று. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர், தங்கள் சங்கத்துக்குப் பதிவும் அங்கீகாரமும் வேண்டி, 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கி 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி கொரிய நாட்டது, மெய்தான். ஆனால் சங்கத்தைப் பதிவு செய்து கொடுக்க வேண்டியவர் கொரியர் அல்லர், நம் சர்க்காரின் உத்தியோகஸ்தர். அந்தப் பதிவு, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்ற பிறகு, 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. 1918-லேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய மாகாணத்தில், கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்து நூற்றுப் பதினாறு வருஷங்களுக்குப் பிறகு, சங்கம் வைக்கும் உரிமைக்காகவே ஒரு வேலைநிறுத்தம் நடக்க வேண்டியிருந்தது என்றால், அந்த வெட்கத்தில் அந்நியனுக்கு எவ்வளவு பங்கோ, நமக்கும் அவ்வளவு பங்கு உண்டு. அந்த முதல் சங்கத்துக்குக் காரணமான பக்கிங்காம் கர்நாடிக் ஆலையையே எடுத்துக்கொள்வோம்: வெள்ளைக்காரன் கட்டிய அந்த ஆலை, சுதேசிகளின் கைக்கு வந்த பிறகு, 1996-ல் மூடப்பட்டது.

ஆகவே, பொருளாதார தேசாபிமானம் என்பதற்கு ஒரு காரியாம்சம் உண்டானால், அது இதுதான் என்று நாம் கருதுகிறோம். சர்க்கார் எந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தாலும், அந்த ஒப்பந்தத்தில் தரும் சலுகைகள் அனைத்தும், அதாவது நிலம் என்ன விலைக்கு, நீர் நாளொன்றுக்கு எவ்வளவு, மின்சாரத்திலும் வரியிலும் தள்ளுபடி எத்தனை, எத்தனை வருஷத்துக்கு என்ற விவரமும், அதற்குப் பிரதியாக நிரந்தர வேலை எத்தனை பேருக்கு, ஒப்பந்தக் கூலி எத்தனை பேருக்கு, கம்பெனி இடையில் கடையைக் கட்டினால் பெற்ற சலுகையில் எவ்வளவைத் திருப்பித் தரும் என்ற விவரமும், சட்டசபையின் முன் வைக்கப்பட வேண்டும். வருஷந்தோறும், வாக்களித்ததற்கும் செய்ததற்கும் உள்ள வித்தியாசம் அதே சபையில் சொல்லப்பட வேண்டும். வின்ஃபாஸ்டுக்கு ஒரு நியாயம், டாட்டாவுக்கும் அதானிக்கும் வேறு நியாயம் என்று இருக்கலாகாது. தொழில் ரகசியம் வெளியாகிவிடும் என்று ஆட்சேபிப்பார்கள். கம்பெனியின் யந்திர ரகசியத்தை நாம் கேட்கவில்லை, பொதுஜனங்களின் சொத்திலிருந்து அதற்குக் கொடுக்கப்படுவது என்ன என்று மட்டுமே கேட்கிறோம். இப்படிக் கேட்டால் முதலீடு வேறு மாகாணத்துக்குப் போய்விடும் என்றும் பயமுறுத்துவார்கள்; பயிற்சி பெற்ற தொழிலாளரும் துறைமுகங்களும் சாலைகளும் உள்ள தமிழ்நாடு, இத்தனை சிறிய கேள்வியைக் கேட்கவும் தைரியமற்றதாய் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் எந்தக் கட்சியைச் சேர்ந்த அங்கத்தினராயினும் இதற்கென ஒரு மசோதாவைக் கொண்டுவருவாரானால், கட்சி பாராது அவரை ஆதரிக்க இப்பத்திரிகை சித்தமாயிருக்கிறது.