முள் காட்டியதை நம்பிப் பழி சுமத்தலாமா?

நிலத்தைச் சமன் செய்யவும், பண்ணைக் குட்டை வெட்டவும், வரப்பை உயர்த்தவும் புல்டோசர், பொக்லைன் போன்ற இயந்திரங்களை வாடகைக்கு அமர்த்துவது இன்று சிற்றூர்களிலும் வழக்கமாகிவிட்டது. வேளாண்மைப் பொறியியல் துறை இவற்றை வாடகைக்கு விடுகிறது. வசதியுள்ள உழவர்கள் சிலர் சொந்தமாக வாங்கித் தொழிலாகவும் நடத்துகிறார்கள்.

இந்த இயந்திரங்களில் சிறியதாகத் தோன்றிப் பெரிய வம்பை வளர்ப்பது டீசல் அளவு காட்டும் முள்ளில் ஏற்படும் பழுதாகும். காலையில் டேங்க் நிறைய டீசல் ஊற்றப்படுகிறது. நண்பகலில் முள் அடியில் விழுந்து கிடக்கிறது. "டீசல் எங்கே போயிற்று?" என்று உரிமையாளர் கேட்கிறார். ஓட்டுநர் விழிக்கிறார். பல ஆண்டுகள் உழைத்தவர் ஒரே நாளில் திருடர் என்ற பெயருடன் வேலையை இழக்கிறார். பின்னர் பார்த்தால், துருப்பிடித்த ஒரு எர்த் ஒயர்தான் குற்றவாளி என்று தெரிய வருகிறது. தீர விசாரிப்பதே மெய் என்பது இதற்கும் பொருந்தும்.

எதிர்மாறான கேடும் உண்டு. டேங்க் காலியாகும் வேளையிலும் முள் பாதி அளவைக் காட்டினால், நடு வயலில் இயந்திரம் நின்றுவிடும். குழாயில் ஏர் பிடித்துக்கொள்ளும்; அதை எடுத்த பின்னரே இஞ்சின் ஓடும். பல இஞ்சின்களில் டீசல் பம்புக்கு வழவழப்புத் தருவதும் டீசலேதான். வறண்டு ஓடினால் விலையுயர்ந்த பம்பும் தேயும். வாடகை பேசிய உழவருக்கோ அன்றைய வேலை கெடும்.

முள் எவ்வாறு அசைகிறது?

டேங்கின் மேல்புறத்தில் டேங்க் யூனிட் என்ற உறுப்பு உண்டு. பழைய இயந்திரங்களில் அதிலிருந்து ஒரு கம்பிக் கை உள்ளே இறங்கி, நுனியில் மிதவையைத் தாங்கியிருக்கும். டீசலோடு மிதவை ஏறி இறங்கும்போது யூனிட்டின் மின்தடை மாறும். அதற்கேற்ப முள் நகரும். ஆக, முள் காட்டுவது டீசலை அன்று; மின்தடையைத்தான். மிதவை, யூனிட், ஒயர், எர்த், முள் ஆகிய ஐந்தில் எது கெட்டாலும் அளவு பொய்யாகும்.

இதிலும் இரண்டு வகை உண்டு என்பதை மெக்கானிக்குகளில் சிலர்கூட மறந்துவிடுகிறார்கள். ஒரு வகையில் டேங்க் காலியானால் ஏறத்தாழ 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். மற்றொரு வகையில் காலிக்கு 10 ஓம், நிறைந்தால் 180 ஓம். முதல் வகையில் ஒயர் அறுந்தால் முள் காலி என்று காட்டும். இரண்டாவது வகையில் அதே பழுதுக்கு நிறைந்திருப்பதாகக் காட்டும். வகை தெரியாமல் வேறு யூனிட்டை வாங்கிப் பொருத்தினால், புதுச் சாமானும் பொய்யே சொல்லும்.

சோதிக்கும் முறை

முதலில் இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, டீசல் அசைவு அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். சரிவில் நிற்கும் இயந்திரத்தின் முள்ளை நம்பவே கூடாது. பிறகு சுத்தமான அளவுகோலை டேங்கில் விட்டு உண்மை அளவைப் பார்க்க வேண்டும். காலி டேங்கில் 20 லிட்டராக ஊற்றி ஒவ்வொரு முறையும் கோலில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் அது என்றும் உதவும். டேங்க் ஒரே சீரான வடிவில் இராததால், முள் பாதியில் நின்றால் டீசலும் பாதி என்று கொள்வதற்கில்லை.

அடுத்து, வெப்பம் காட்டும் முள் முதலிய மற்றவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எல்லாமே செத்துக் கிடந்தால் பியூஸ் அல்லது பொதுவான எர்த்தைச் சந்தேகிக்கலாம்.

டீசல் முள் மட்டும் தவறினால், டேங்க் யூனிட்டின் உடலிலிருந்து பேட்டரியின் நெகடிவ் முனைக்குத் தனியாக ஒரு ஒயர் கொடுத்துப் பார்க்கலாம். முள் சரியான இடத்துக்கு வந்தால் எர்த்தில்தான் கோளாறு. அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் போதும், செலவில்லை.

அதற்கும் சரியாகாவிட்டால், டேங்க் மூடியை நன்கு மூடிவிட்டு, சாவியைப் போட்டு, யூனிட்டிலிருந்து வரும் ஒயரைக் கழற்ற வேண்டும். முள் ஒரு கோடிக்குப் போகும். அந்த ஒயரை எர்த்தில் தொட்டால் மறு கோடிக்குப் போக வேண்டும். சில நொடிகளுக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது. இவ்வாறு இரு கோடிக்கும் முள் சென்றால் முள்ளும் ஒயரும் நலம், பழுது யூனிட்டில். போகாவிட்டால் யூனிட்டை மாற்றுவது வீண் செலவு.

யூனிட்டைக் கழற்றி, மல்டிமீட்டரை இணைத்து, மிதவையை மெல்ல உயர்த்தினால் ஓம் அளவு சீராக மாற வேண்டும். இடையில் தாவினாலோ அற்றுப்போனாலோ உள்தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள். மிதவையில் ஓட்டை விழுந்து டீசல் புகுந்திருந்தால் அது மூழ்கிக் கிடக்கும், முள்ளும் எழும்பாது.

மூன்று ஒயர் உள்ள, கணினி பொருத்திய புதிய இயந்திரங்களில் எர்த்தில் தொடும் சோதனையைச் செய்யக் கூடாது. அங்கே திரையில் தோன்றும் பழுது எண்ணைப் பார்க்க வேண்டும். பொதுத்தர எண்களைப் பின்பற்றும் இயந்திரங்களில் 96 என்பது டீசல் அளவைக் குறிக்கும். அதனுடன் 3 வந்தால் மின்னழுத்தம் மிகுதி, 4 வந்தால் குறைவு, 5 வந்தால் சுற்று அறுந்திருக்கலாம். இந்த எண் பழுதுள்ள சுற்றைத்தான் காட்டுகிறது. சென்சாரை மாற்று என்று சொல்வதில்லை. பிளக்கில் ஈரமோ பச்சைக் களிம்போ இருக்கிறதா என்பதை முதலில் பார்ப்பதே முறை.

கைபேசியும் பொய் சொல்லும்

இப்போது டீசல் அளவு உரிமையாளரின் கைபேசிக்கே வந்துவிடுகிறது. திடீரென்று 20 லிட்டர் குறைந்ததாகச் செய்தி வந்தவுடன் ஓட்டுநரைக் கூப்பிட்டு ஏசுகிறார்கள். பல இயந்திரங்களில் அந்தச் செய்தியும் அதே மிதவையிலிருந்துதான் போகிறது. இயந்திரம் கரை ஏறினாலும், ஒயர் ஆடினாலும் கைபேசியில் டீசல் குறையும். கருவி புதியது என்பதால் அதன் சொல் வேதவாக்கு ஆகிவிடாது.

டீசல் திருட்டே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்கி விடுவோரும் உண்டு. முள் கெட்டிருப்பது திருடுபவருக்கு வசதி, நேர்மையானவருக்கு ஆபத்து. ஆகவே பழுதை உடனே கண்டு நீக்குவதில் இருவகையிலும் உரிமையாளருக்கே லாபம்.

கணக்குக்கு முள்ளை நம்பாமல், டேங்கை நிரப்பி, மணிமானியைக் குறித்து, மீண்டும் நிரப்பும்போது பிடிக்கும் டீசலை ஓடிய மணிகளால் வகுக்க வேண்டும். 10 மணிக்கு 50 லிட்டர் என்றால் மணிக்கு 5 லிட்டர். இந்த நோட்டில் உரிமையாளரும் ஓட்டுநரும் கையெழுத்திட்டு வந்தால் சண்டைக்கே இடமில்லை.

ஓட்டுநர் ஒயரில் கை வைக்கக் கூடாது என்பது சில உரிமையாளர்களின் எண்ணம். அவர் பழுது பார்க்க வேண்டியதில்லை. பழுது எங்கே என்று சொல்லத் தெரிந்தால் போதும். இயந்திர ஓட்டுநர் பயிற்சிகளில் கியரையும் கிரீஸையும் கற்பிப்பது போல மல்டிமீட்டர் பிடிக்கவும் ஒரு நாள் கற்பிக்க வேண்டும். இயந்திரம் விற்பவர்கள் டேங்க் யூனிட்டின் ஓம் அளவுகளைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். ஓர் அளவுகோல், ஒரு மல்டிமீட்டர், ஒரு நோட்டு ஆகிய மூன்றும் இருந்தால் டேங்கில் உள்ள டீசலும் காக்கப்படும்; உழைப்பவரின் நற்பெயரும் காக்கப்படும்.