ஜுரத்தை மறைக்கும் யந்திரம்

"மாமியாருக்கு ஜுரமே இல்லை. பிறகு ஏன் தினமும் ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள்? பில்லை ஏற்றவா?" என்று குறைப்பட்டுக்கொண்டாள் என் சிநேகிதி. அவள் மாமியார் அப்போது ஆஸ்பத்திரியில் 'எக்மோ'வில் இருந்தார்.

2020-ல் பாடகர் எஸ். பி. பாலசுப்ரமணியம் சென்னையில் சிகிச்சை பெற்றபோது, நம் வீடுகளில் எல்லாம் அடிபட்ட பெயர்தான் இது. நுரையீரலோ இருதயமோ ஓய்ந்துபோனால், இந்த யந்திரம் ரத்தத்தை வெளியே இழுத்து, பிராணவாயு ஏற்றி, மறுபடி உடலுக்குள் அனுப்புகிறது. பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 4, 5 லிட்டர் கூடப் போகும்!

வெளியே சுற்றி வரும் ரத்தம் ஆறிப்போகும் அல்லவா? அதனால் அதை வேண்டிய சூட்டில் வைத்துக்கொள்வதும் யந்திரத்தின் வேலையே. இங்கேதான் சங்கடம். தர்மாமீட்டர் 98.4 என்று சமர்த்தாகக் காட்டும். ஆனால் அது நோயாளியின் உடம்பு சொல்லும் சேதி அல்ல, யந்திரத்தில் திருகி வைத்த சூடு. உள்ளே ரத்தத்தில் கிருமி பரவிக்கொண்டிருந்தாலும் நெற்றி குளிர்ந்தே இருக்கலாம். நெற்றியில் கை வைத்துப் பார்த்தே பழகிய நமக்கு இது விளங்குவது கஷ்டம்தான்.

கிருமிக்கு வழியா இல்லை? கழுத்திலோ தொடையிலோ பென்சில் பருமனுக்குக் குழாய்கள். தோலில் சாதுவாகக் குடியிருக்கும் கிருமியும், 'கேண்டிடா' என்ற காளானும் அவற்றில் பாசிபோல் படிந்துவிட்டால் மருந்து லேசில் எட்டாது. சாதாரணக் குழாய் என்றால் பிடுங்கிவிட்டு வேறு போடலாம். இதுவோ உயிரைத் தாங்கும் குழாய்! நாள் ஏற ஏற அபாயமும் ஏறுகிறது.

"முன்னதாகவே ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் என்ன?" என்றாள் சிநேகிதி. தொற்று இல்லாமலே நாள் கணக்கில் கொடுத்தால், மருந்துக்கு மசியாத கிருமிகள்தான் கொழுக்கும். ஆகவே ரத்த அழுத்தம் சரிகிறதா, வெள்ளணுக்கள் ஏறுகின்றனவா என்று பார்த்தபடி, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். சில ஆஸ்பத்திரிகளில் தினமும். சில இடங்களில் சந்தேகம் வந்தால் மட்டும்.

மாமனாருக்கு வேறு மனத்தாங்கல். மனைவியின் நெற்றியில் விபூதி இடப் போனவரை நர்ஸ் தடுத்துவிட்டாளாம். கழுத்துக் குழாயின் கட்டில் ஒரு துளிப் பொடியும் விழக்கூடாதென்று அந்தப் பெண்ணுக்குப் பயம். மறுநாள் அவளே அவரை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தினாள். மனைவியின் பாதத்தைப் பிடித்தபடி அரை மணி நேரம் நின்றாராம் மனிதர்.