செய்தி சேரிக்கு வந்து சேருமா?

2004 டிசம்பர் 26 காலை. கடலூரை ஒட்டியுள்ள புதுவை மீனவ கிராமமான நல்லவாட்டுக்கு, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது. ஊரே உயிர் தப்பியது. அதே கரையில் தேவனாம்பட்டினத்துக்கும், பரங்கிப்பேட்டை புதுக்குப்பத்துக்கும், கிள்ளை அருகே எம்.ஜி.ஆர். திட்டுக்கும் அப்படி ஒரு எச்சரிக்கை வரவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்த நாட்களில் இலங்கையில் குரல் அழைப்புகள் நெரிசலில் சிக்கித் தவித்தபோது குறுஞ்செய்திகள் போய்ச் சேர்ந்தன. கரையோரத்திலிருந்து ஒருவர் அனுப்பிய குறுஞ்செய்திகளை அவருடைய நண்பர்கள் வலைப்பதிவில் ஏற்றினார்கள். காரணம் எளிது. குரலுக்குத் தொடர்ந்து திறந்திருக்கும் பாதை வேண்டும். குறுஞ்செய்திக்கு ஒரு நொடி இடைவெளி போதும். வாங்குபவரின் போனில் சிக்னல் இல்லையென்றால் நிறுவனத்தின் மையத்தில் காத்திருந்து, சிக்னல் வந்ததும் போய்ச் சேரும். வாட்ஸ்அப்பையே நம்பியிருக்கும் நம் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும். டேட்டா முடங்கினால் குழுவும் முடங்கும். நம் தாய்மார்களின் கையிலிருக்கும் பட்டன் போனில் அந்தக் குழு ஏற்கெனவே இல்லை.

ஆனால் கருவி சாதியைக் கடந்துவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. சுனாமி நிவாரணத்தில் என்ன நடந்தது? படகும் வலையும் இழந்தவர் என்று கணக்கெடுத்தார்கள். படகே இல்லாமல் மீன் சுமந்தும், உப்பங்கழியில் இறால் தடவியும், வயலில் கூலிக்குப் போயும் பிழைத்த தலித்துகள் பல ஊர்களில் அந்தப் பட்டியலுக்குள் வரவில்லை. பிணங்களை அள்ள மட்டும் துப்புரவுத் தொழிலாளர்களாக நம்மவர்களைத் தேடி வந்தார்கள். 2015 நவம்பரில் பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் 10 பேரை அடித்துச் சென்றது. அவர்களும் தலித்துகள்தான். ஓடையோரத் தாழ்நிலத்தில் நம் குடிசைகள் இருப்பது தற்செயலா?

2023 முதல் அரசு போன்களில் அலற வைத்துச் சோதித்துப் பார்த்த எச்சரிக்கை நல்லதுதான். எண்களின் பட்டியல் இல்லாமலே ஒரு கோபுரத்தின் கீழுள்ள போன்கள் அனைத்துக்கும் அது போகும். ஆனால் அது மேலிருந்து கீழே வருவது மட்டுமே. கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தால் சிதம்பரம் பக்கத்துத் திட்டுக் கிராமங்களில் எந்தத் தெரு முதலில் முழுகும் என்பது அதற்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாம். கீழிருந்து மேலே போகும் செய்தியை நாம்தான் உருவாக்க வேண்டும்.

அதற்கு ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள், தமிழில் 70தான். அதிலும் 'கொ' என்பது இரண்டாகக் கணக்காகும். அளவு மீறினால் செய்தி துண்டுகளாகப் பிரியும். ஒரு துண்டு வராவிட்டால் முழுச்செய்தியும் கெடலாம். ஆகவே வணக்கம், ஐயா எல்லாம் வேண்டாம். இப்படி எழுதிப் பழகுங்கள்: "கீழத்தெரு காலனி. 40 வீட்டில் தண்ணீர். 2 கர்ப்பிணி. படகு தேவை". இது 60தான். ஊர்ப்பெயரைச் சேர்க்க இன்னும் பத்து இடம் இருக்கிறது.

தெருவுக்கு இருவர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். அவர்களுடைய எண்கள் காகிதத்திலும் இருக்கட்டும், போன் நனைந்தால் உதவும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 அழைப்புக்கான எண். குறுஞ்செய்தியை நகரத்தில் இருக்கும் தோழருக்கு அனுப்பினால் அவர் அங்கே பேசுவார்.

அனுப்பியதை அழிக்காதீர்கள். தேதியும் நேரமும் அதில் இருக்கின்றன. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் பட்டியலில் நம் தெரு விடுபட்டால், மனுவோடு இந்தச் செய்திகளையும் அச்செடுத்து இணையுங்கள். பருவமழை அக்டோபரில் தொடங்கும். எண்களைச் சேகரிக்கும் வேலையை அதற்குமுன் முடித்துவிடுவோம்.