அந்த 72 மணி நேரம்

“புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்று தமிழ்நாடெங்கும் விளம்பரப் பலகைகள் கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பள்ளிப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஆணுறை என்ற சொல்லை வீட்டுக் கூடம்வரை கொண்டுவந்த பெருமை அந்தக் கேள்விக்கு உண்டு. ஆனால் அதற்கு அடுத்த கேள்வி இன்னும் நம் மனதில் பதியவில்லை. புள்ளிராஜா நேற்றிரவு ஆணுறை இல்லாமல் இருந்துவிட்டான். விடிந்ததும் அவன் எங்கே போக வேண்டும்?

தாமிரபரணிக் கரையில் இந்தக் கேள்வியோடு தவிப்பவர்கள் குறைவல்ல. சென்னையிலும் மும்பையிலும் வேலை பார்த்துவிட்டுக் கோயில் கொடைக்கு ஊர் திரும்புகிறவர்கள், வளைகுடாவுக்கு ‘மெடிக்கல்’ எடுக்கத் தேதி வாங்கிய இளைஞர்கள், விடுதியில் தங்கிப் படிக்கிற பெண்கள். சில நிமிடங்களில் முடிந்துபோன ஒரு சந்திப்பு மாதக்கணக்கில் தூக்கத்தைத் தின்கிறது. லேசாகக் காய்ச்சல் அடித்தால், தொண்டை கட்டினால், நாக்கு வெளுத்தால், உடனே ‘அதுதானோ’ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நண்பனிடம் சொன்னால், “ஏலே, ஒண்ணும் ஆகாதுலே, விடு” என்கிறான். அவன் ஆறுதலாகத்தான் சொல்கிறான். ஆனால் அதைக் கேட்டுச் சும்மா இருந்துவிட்டால் கையில் இருக்கும் நேரம் போய்விடுகிறது.

எச்.ஐ.வி. உடலில் வேர்விடுவதற்கு முன்பே தடுக்க மருந்து இருக்கிறது. சந்திப்பு நடந்த 72 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். யாருக்கு அது தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். பாளையங்கோட்டையில், ஊர் வழக்கில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று சொல்லும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கான ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. பாபநாசத்திலிருந்து காலை பஸ் பிடித்தாலும் மதியத்துக்குள் வந்துவிடலாம். இரவானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்தே இருக்கும். பஸ்ஸும் மருந்தும் மருத்துவரும் இருக்க, அந்த மூன்று நாளும் ‘யாராவது பார்த்துவிட்டால்?’ என்ற ஒரே பயத்தில் கரைகிறது.

பயத்தின் அளவுக்கு ஆபத்து பெரிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம். சிகிச்சை எடுக்காத, தொற்றுள்ள ஒருவரோடு ஆணுறையின்றி ஒருமுறை பெண்ணுறுப்பு வழி உறவு கொண்டால், அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் மதிப்பீட்டில் 10,000 முறைக்குப் பெண்ணுக்குச் சுமார் 8, ஆணுக்குச் சுமார் 4 என்ற அளவில்தான் தொற்று ஏற்படுகிறது. ஆசனவாய் வழியில் ஏற்கும் பக்கத்துக்கு இது 138 வரை போகிறது. புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தாலும் ஆபத்து கூடும். இந்த எண்கள் சோதனையைத் தள்ளிப்போடச் சாக்கு ஆகிவிடக் கூடாது. பயந்தவனை உயிரை மாய்க்கக் கிணற்றடிக்கு அனுப்பும் அளவுக்கு இதில் எதுவும் இல்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

அது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. 2018 டிசம்பரில், நமக்கு வடக்கே சாத்தூர் அரசு மருத்துவமனையில், ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டதை நாடே பேசியது. ரத்தம் கொடுத்தவர் இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர். உறவுக்காரப் பெண் ஒருவருக்காகக் கொடுத்திருந்தார். வெளிநாட்டு வேலைக்கு எடுத்த பரிசோதனையில் தன் நிலை தெரிந்ததும், யாரும் கூப்பிடாமலே தானாக ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் அந்த ரத்தம் வேறொரு பெண்ணின் உடலில் ஏறியிருந்தது. ரத்தத்தைச் சரியாகச் சோதிக்க வேண்டியது வங்கியின் பொறுப்பு. ஆனால் பழியின் பாரம் அந்தப் பையனின் தலையில் இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தொற்று அவருக்கு எப்படி வந்தது என்பது நமக்கு வேண்டாத கேள்வி. எச்.ஐ.வி. சிகிச்சை மருந்து எடுத்திருந்தால் அவர் நெடுநாள் வாழ்ந்திருப்பார். தமிழ்நாட்டில் 2004 முதலே, தாம்பரத்தில் தொடங்கி, அந்த மருந்து இலவசம். உண்மையைச் சொன்ன ஒருவரைத் தாங்கிப்பிடிக்க நம்மிடம் ஆள் இல்லாமல் போனது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ரத்த வங்கிகளைப் பற்றி நிறையப் பேசினோம். முகாம்களைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை. தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள், கல்லூரி விழா என்று இங்கே ரத்ததான முகாமுக்குக் குறைவில்லை. அங்கே படிவத்தில் கேட்கிறார்கள்: அண்மையில் பாதுகாப்பற்ற உறவு உண்டா? சுற்றிலும் நிற்கிறவர்கள் சேக்காளிகள். ‘ஆமாம்’ என்று எந்தப் பையனால் எழுத முடியும்? ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, ‘எப்படியும் டெஸ்ட் பண்ணுவார்கள், தெரிந்துகொள்ளலாம்’ என்று கை நீட்டுகிறவர்களும் உண்டு. அது ஆபத்தான குறுக்குவழி. தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனையிலும் அது அகப்படாமல் போகலாம். அப்படி ஒரு சந்திப்பு நடந்திருந்தால் ரத்தம் கொடுக்கவே கூடாது. முகாம் நடத்துகிற மன்றத்தாரும் கல்லூரிகளும் ஒரு தட்டியை வைத்து மறைத்து, ஒருவர்பின் ஒருவராகத் தனியே கேட்டால் போதும். திருப்பி அனுப்பப்பட்டவரை ‘ஏன்?’ என்று யாரும் கேட்கக் கூடாது.

சோதனைக்கும் ஒரு கணக்கு உண்டு. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் செய்கிறார்கள். உடனே ஒருமுறை, ஆறு வாரத்தில் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை. ஆய்வகங்களில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை 18 முதல் 45 நாளுக்குள் காட்டிவிடும். மூன்று மாதத்துச் சோதனையிலும் ‘இல்லை’ என்று வந்தால் இல்லைதான். அதற்குப் பிறகும் வாராவாரம் கைநீட்டுகிறவரிடம் காசு வாங்கிக்கொண்டு ஊசி குத்துவதைவிட, “தம்பி, போதும், இனி தூக்கத்துக்குத்தான் மருத்துவம் வேண்டும்” என்று ஆய்வகக்காரர் சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கிறது.

பெண்ணுக்கு இன்னொரு கவலை கூடுதல். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் 72 மணி நேரம்தான். தமிழ்நாட்டு மருந்துக்கடைகள் பலவற்றில் கேட்டால் இல்லை என்பார்கள், அல்லது கேட்டவளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு அஞ்சி எத்தனை பேர் வாசலோடு திரும்பினார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. அவள் விருப்பமில்லாமல் நடந்திருந்தால், எந்த மருத்துவமனையும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம்.

அந்த இரவு தவறா இல்லையா என்பதில் நாம் ஒத்துப்போக வேண்டியதில்லை. கோயில் வரிதாரர்களும் ஜமாஅத்தும் சேகர கமிட்டியும் அதைப் பாவம் என்றே கருதலாம். அது அவர்கள் உரிமை. பாவம் செய்தவனும் சாகக் கூடாது, அவன் வீட்டில் இருப்பவளுக்கு நோய் வரக் கூடாது என்பதில் இவர்களில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. சோதனை முடிவு தெரியும்வரை மனைவியோடு ஆணுறை அணிய வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே? மிரட்டாத ஆலோசகர், நண்பன், அண்ணன், ஐயர், இமாம், யாராக இருந்தாலும் சரி.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சம்மதமின்றிச் சோதிக்கக் கூடாது, ஒருவரின் நிலையை வெளியே சொல்லக் கூடாது, வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. சட்டம் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தும். தெருமுனைப் பேச்சை அது தடுக்காது. மருத்துவமனை வாசலில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் தலையாட்டிவிட்டு நகர்வதும், அதை வீட்டில் போய்ச் சொல்லாமல் இருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

திருநெல்வேலி மாநகராட்சியும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் செய்ய வேண்டியது அதிகச் செலவில்லாத ஒன்று. வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்திலும், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி நிலையங்களிலும், கழிப்பறைக் கதவின் உட்பக்கத்தில் ஒரு சிறு பலகை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நின்று படிக்கலாம். ‘ஆணுறை இல்லாமல் இருந்துவிட்டீர்களா? 72 மணி நேரத்துக்குள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். கட்டணமில்லாமல் கேட்க: 1097.’ இந்த ஆனித் தேரோட்டத்துக்கு ஊர் நிறைவதற்குள் அதை மாட்டிவிடலாம்.