ஆவுளியா கையில் ஓர் உண்டியல்

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, குதிரைத் தலையோடு வேட்டி சட்டை அணிந்து கைகூப்பி நின்ற 'தம்பி'யைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. சுவர், பேருந்து, பள்ளி வாசல் என்று எங்கும் அவன் நின்றான். போட்டி ஆகஸ்டில் முடிந்தது, தம்பியும் மெல்ல மறைந்தான். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பிறந்த அப்பு யானைக்கு டெல்லியில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் பெயராகக் கொஞ்சம் கூடுதல் ஆயுள் கிடைத்தது, அவ்வளவுதான். நம் நாட்டில் இத்தகைய சின்னங்கள் விழாவுக்காகப் பிறந்து விழாவோடு போய்விடுகின்றன. மக்கள் அவற்றின் மீது வைக்கும் அன்பை யாரும் எந்த வேலைக்கும் பயன்படுத்துவதில்லை. அந்த அன்பை ஆண்டுக்கு ஆண்டு சேர்த்துவைத்து, உள்ளூரின் சின்னச் சின்னத் தேவைகளுக்குப் பணமாக மாற்ற முடியும். அப்படி ஒரு பொம்மை முதலில் வேண்டிய இடம் அந்தமான் நிக்கோபார் தீவுகள் என்று கருதுகிறேன்.

இதற்கு உலகம் அறிந்த முன்மாதிரி ஒரு கரடிப் பொம்மை. பிரிட்டனில் பிபிசி நிறுவனம் 1980 முதல் ஒவ்வொரு நவம்பரிலும் 'சில்ட்ரன் இன் நீட்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி மூலம் குழந்தைகளுக்காக நிதி திரட்டிவருகிறது. 1985இல் அதற்கு ஒரு டெடி கரடி வந்து சேர்ந்தது. அதை வடிவமைத்த பிபிசி ஓவியர் ஜோவானா லேன், யார்க்‌ஷயரில் உள்ள தம் சொந்த ஊரான பட்ஸியின் பெயரையே அதற்கு வைத்தார். அந்த நிகழ்ச்சி இதுவரை திரட்டியது நூறு கோடி பவுண்டுக்கும் மேல். அது நாடெங்கும் பரவியிருக்கும் சிறு அமைப்புகளுக்கு மானியமாகப் போகிறது. அந்தக் கரடியின் ஒரு கண்ணை மறைத்து ஒரு கட்டு போட்டிருக்கும். அடிபட்ட குழந்தையின் படத்தைக் காட்டாமலே அடிபட்டதை அந்தக் கட்டு உணர்த்திவிடுகிறது. நம் ஊரில் நன்கொடை கேட்கும் துண்டறிக்கைகளை எண்ணிப் பாருங்கள். ஒட்டிய வயிறு, கண்ணீர் வழியும் முகம், மருத்துவமனைக் கட்டிலில் குழாய்களோடு கிடக்கும் பிள்ளை. கொடுப்பவரின் மனம் இளக வேண்டும் என்பதற்காக வாங்குபவரின் மானம் சந்திக்கு வருகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் அந்தப் படம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். பொம்மைக்கு அந்த அவமானம் இல்லை. பிள்ளைகளின் சார்பில் கையேந்த அதனால் முடியும்.

ஜப்பானின் குமாமோத்தோ மாநிலத்தின் கருப்புக் கரடி குமாமோன் வேறொரு பாடம் சொல்கிறது. கியூஷூ புல்லட் ரயில் பாதை முழுமையாகத் திறக்கப்படுவதற்கு முன்பாக, 2010இல் ஊருக்கு விளம்பரம் தேடப் படைக்கப்பட்டது அது. மாநில அரசு அதற்கு விற்பனைப் பிரிவு மேலாளர் பதவியே கொடுத்தது. உள்ளூர்ப் பொருளை விற்கும் எவரும் அனுமதி பெற்று, கட்டணம் இல்லாமல் அதன் படத்தைப் பயன்படுத்தலாம் என்றது. அந்தத் தாராளத்தால் கரடி எல்லா இடங்களுக்கும் போய்ச்சேர்ந்தது. குமாமோன் படம் தாங்கிய பொருள்களின் விற்பனை 2016இல் 12,800 கோடி யென்னைத் தொட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் குமாமோத்தோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பல நாள் பொதுவெளியில் தோன்றாமலிருந்த குமாமோன், பிறகு பாதிக்கப்பட்ட ஊர்களின் குழந்தைகளைப் பார்க்கப் போனது. ஆறு ஆண்டுகள் கூடவே வாழ்ந்த முகம் என்பதால்தான் அந்தப் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். பேரிடர் வந்த பிறகு அவசரமாக ஒரு பொம்மை செய்து அனுப்பியிருந்தால் அது நடந்திருக்காது. பழக்கம் முன்னதாகவே விளைந்திருக்க வேண்டும்.

இப்போது தீவுகளுக்கு வருவோம். 836 தீவுகளும் திட்டுகளும் கொண்ட இந்த யூனியன் பிரதேசத்தில் மக்கள் வாழ்பவை முப்பது சொச்சம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,80,581. அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரின் தாய்மொழி தமிழ். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட வரலாறும் இதில் அடக்கம். இவ்வளவு சிறிய, இவ்வளவு சிதறிய மக்களிடம் நிதி வருவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரும்படியும் சொல்கிறது. அதனால் ஆலைகளும் தலைமையகங்களும் குவிந்த மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கே அந்தப் பணத்தின் பெரும்பகுதி போகிறது. ஆலைப்புகை அதிகம் இல்லாத தீவுக்கு அந்த வாய்க்காலில் தண்ணீர் வருவது குறைவு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வெளியிலிருந்து பணம் கொட்டியது உண்மை. ஆனால் புழுக்கம் மிகுந்த அந்த மண்ணில் வீடிழந்தவர்களுக்குத் தகரக் கொட்டகைகள் அமைக்கப்பட்டன. ஓலைக் கூரையின் அருமை தெரிந்த நிக்கோபாரியர்களைக் கேட்டிருந்தால் வேறு யோசனை சொல்லியிருப்பார்கள். பணம் எங்கிருந்து வந்தாலும், அது எதற்கு என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அங்கே வாழ்பவர்கள்தான்.

தேவைகளுக்கும் பஞ்சமில்லை. போர்ட்பிளேர் என்று நாம் பழகிய ஸ்ரீவிஜயபுரத்தில் ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது. அங்கு முடியாத நோயாளியைச் சென்னைக்கு அனுப்புவார்கள். இடையில் 1,190 கிலோமீட்டர் கடல். விமானத்தில் சில மணி நேரம், கப்பலில் இரண்டு மூன்று நாள். கேம்ப்பெல் பேயிலோ ஹட் பேயிலோ இருப்பவர் முதலில் ஸ்ரீவிஜயபுரத்துக்கே வந்து சேர வேண்டும். சிகிச்சைக்கு அரசு உதவி இருந்தாலும், கூட வரும் தாயோ அண்ணனோ சென்னையில் தங்குவது, சாப்பிடுவது, ஊரில் விட்டுவந்த கூலி ஆகியவற்றை ஈடுகட்டுவது எப்படி? மாயாபந்தரில் ஒரு சிறப்புக் குழந்தைகள் பள்ளிக்கு ஒரு வேன், ரங்கத்தில் முதியோருக்கு ஒரு கண் முகாம், டிக்லிபூரில் ஒரு நூலக அலமாரி. பெரிய திட்டங்களின் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் தேவைகள் இவை. உள்ளூர் அறப்பணி வாழ்வது இந்த அளவில்தான்.

இந்த வேலைக்குக் கரடி வேண்டியதில்லை. அங்கே காட்டில் கரடியே கிடையாது. தீவுகளின் மாநில விலங்கு கடற்பசு. நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடற்புல்லை மேய்ந்து, மூச்சு வாங்க மேலே வந்து போகும் சாதுவான பிராணி. எழுபது ஆண்டு வரை வாழக்கூடியது, ஆனால் ஒரு கன்றை ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். வலையில் சிக்கி ஒரு தாய் இறந்தால் அந்த இழப்பைக் கடல் எளிதில் ஈடுசெய்யாது. இந்தியக் கடல்களில் இன்று எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே. சுவராஜ் தீவு, ஷாகித் தீவு இவற்றைச் சூழ்ந்த கடற்புல் வெளிகளில் அவற்றைக் காண்பவர் பாக்கியசாலி. தமிழ்நாடு 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா காப்பகமாக அறிவித்தது. இரண்டு கடற்கரைத் தமிழர்களுக்கும் பொதுவான உயிர் அது. இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவே முதன்மையானது. அந்தமான் சுற்றுலாவில் ஜாரவா பழங்குடி மக்களையே காட்சிப்பொருளாக்கிய வெட்கக்கேடு இருக்கிறது. டிரங்க் சாலையில் அவர்களை ஆடச் சொல்லிப் படமெடுத்த காட்சி 2012 ஜனவரியில் வெளிவந்து நாடே தலைகுனிந்தது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையை மதிக்கும் எவரும் தீவின் முகமாக ஒரு பழங்குடியின் முகத்தை அச்சிட நினைக்கக் கூடாது. ஆவுளியாவை வைத்தால் யாருடைய மானமும் விலைபோகாது.

இதற்கு மறுப்புகள் வரும். மருத்துவம், கல்வி, போக்குவரத்து எல்லாம் அரசின் கடமை, பொம்மையைக் காட்டிப் பிச்சையெடுத்தால் அரசு கைகழுவிவிடும் என்பார்கள். இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவரை நியமிக்கவும் கப்பலை ஓட்டவும் பொம்மைப் பணம் போகவே கூடாது என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். உடன் வருபவரின் அறை வாடகை போல, அரசு விதிமுறைகள் எட்டாத இடுக்குகளுக்கு மட்டுமே அது போக வேண்டும். எங்கே இடுக்கு இருக்கிறது என்ற பட்டியல் ஆண்டுதோறும் வெளியானால், அதுவே நிர்வாகத்திடம் கேள்வி கேட்கும் ஆவணமாகவும் ஆகும். தீவு மக்களிடம் கைக்காசு மிகக் குறைவு, யார் போடுவார்கள் என்பது அடுத்த கேள்வி. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் இடம் அது. செல்லுலார் சிறையின் ஒலி-ஒளிக் காட்சியையும் ராதாநகர் கடற்கரையையும் பார்த்துவிட்டு ஊருக்கு ஒரு நினைவுப்பொருள் வாங்காமல் போகிறவர் அரிது. இப்போது அவர்கள் வாங்குவது எங்கோ செய்து கப்பலில் வந்த சங்கு மாலை. அந்த இடத்தில் ஆவுளியாப் பொம்மை இருக்கலாம்.

வலுவான மறுப்பு பொம்மையைப் பற்றியது. ஏற்கெனவே கடல் கொண்டுவந்து கொட்டும் பிளாஸ்டிக்கில் தீவுகளின் கரைகள் திணறுகின்றன. பாலியெஸ்டர் பஞ்சடைத்த ஆயிரக்கணக்கான பொம்மைகளை இறக்குமதி செய்து, கடற்புல்லைக் காப்பதற்கு என்று சொன்னால் அது பெரிய பொய். ஆகவே அந்தப் பொம்மை பருத்தித் துணியில், உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கையால் தைக்கப்பட வேண்டும். தையல் கூலி முதலில் போக வேண்டும், மீதிதான் நிதிக்கு. குமாமோன் முறையை அப்படியே எடுத்துவிடவும் முடியாது. அங்கே உருவத்துக்குக் கட்டணம் கிடையாது, ஆகவே அறப்பணிக்குத் தானாகப் பணம் சேராது. தீவின் மீன் ஊறுகாய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் ஆவுளியா படத்தை இலவசமாகத் தரலாம். விடுதிகளும் படகு நிறுவனங்களும் பயன்படுத்தினால் விற்பனையில் ஒரு பங்கு கேட்கலாம். பணத்தை ஆளுவதிலும் அரசு அதிகாரி மட்டும் போதாது. பஞ்சாயத்து உறுப்பினர், நிக்கோபார் பழங்குடிப் பேரவைகளின் பிரதிநிதி, ஓர் ஆசிரியர், ஒரு கணக்கர் என்று ஒரு குழு வேண்டும். கணக்கு தமிழிலும் வங்கத்திலும் இந்தியிலும் நிக்கோபாரி மொழியிலும் ஒவ்வொரு தீவின் கப்பல் துறையிலும் ஒட்டப்பட வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை மட்டும் எழுதினால் போதாது, யாருக்கு என்ன வாங்கிக் கொடுத்தோம் என்பதையும் எழுத வேண்டும், பெயரைச் சொல்லாமல், ஊரையும் தேவையையும் மட்டும் சொல்லி. நிதியில் ஒரு பகுதி கடற்புல் வெளிகளைக் கண்காணிக்கவும், வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவிக்கும் மீனவருக்குக் கிழிந்த வலையின் இழப்பை ஈடுசெய்யவும் போக வேண்டும். தன் பெயரால் பணம் சேர்ந்திருக்கையில் அந்த விலங்கை மட்டும் வெறுங்கையோடு விடுவது நியாயமாகாது.

தொடக்கத்துக்குப் பெரிய விழா எதுவும் தேவையில்லை. ஒரு மாதிரிப் பொம்மை, பள்ளிகளுக்கு ஒரு சுற்று, ஸ்ரீவிஜயபுரம் விமான நிலையத்திலும் ஹேடோ கப்பல் துறையிலும் ஒரு உண்டியல், முதல் ஆண்டுக்கு ஒரே ஒரு நோக்கம். அந்த நோக்கம் சென்னையில் தீவு நோயாளிகளின் உறவினர்கள் தங்க ஒரு விடுதியாக இருக்கட்டும். இடம் தரச் சென்னையில் வசிக்கும் அந்தமான் தமிழர்களும், தீவில் தொழில் செய்து மெயின்லேண்டில் சொத்துச் சேர்த்தவர்களும் முன்வரலாம். இரண்டாம் ஆண்டு, சுனாமி நினைவு நாளான டிசம்பர் 26 அன்று அதே பொம்மை அதே இடத்தில் நிற்க, முதல் ஆண்டுக் கணக்கை அதன் பக்கத்திலேயே ஒட்டிவைக்க வேண்டும்.