ஓசிப் பூட்டின் சாவி யாரிடம்?

நெய்வேலிக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். பழுப்பு நிலக்கரி எடுக்க, முதலில் மேல்மண்ணை வெட்டித் தள்ள வேண்டும். இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைக்க வேண்டும். எல்லாமே காசு. 'கரி இனாம்' என்று ஒருவன் வந்து நின்றால், டவுன்ஷிப் பள்ளிக்கூடப் பையன்கூட 'உனக்கு இதுல என்ன லாபம்?' என்று கேட்பான்.

அதே டவுன்ஷிப்பில் இலவச விபிஎன்னை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் போனில் இறக்கிக்கொள்கிறோம்!

விபிஎன் மந்திரம் இல்லை, சார். உங்கள் போனிலிருந்து கிளம்பும் தகவலைப் பூட்டிய குழாய் வழியாக வேறொரு கம்பெனியின் சர்வருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இணையத்தில் விடுகிறது. நெட் கனெக்‌ஷன் கொடுப்பவர் பார்க்க முடிந்ததை இனி அந்தக் கம்பெனி பார்க்கலாம். அவ்வளவுதான். காமர்ஸ் படித்தவனுக்கு முதலில் தோன்றும் கேள்வி: சர்வர் வாடகையை யார் கட்டுகிறார்?

ஃபேஸ்புக் 2013-ல் ஒனாவோ என்ற கம்பெனியை வாங்கியது. பாதுகாப்பு என்று சொல்லி இலவச விபிஎன் கொடுத்தது; மக்கள் எந்த ஆப்பை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்தது. 2019-ல் கடையை மூடினார்கள். 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

நம்ம அரசு? 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவு, விபிஎன் வாங்குபவரின் பெயர், முகவரி, போன் நம்பரை ஐந்து வருடம் வைத்திருக்கச் சொன்னது. சைபர் குற்றத்தைத் தடுக்கவாம். பதிவு வைக்கமாட்டோம் என்ற எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் மூன்றும் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. ரகசியத்தை விற்பவனை விட்டுவிட்டு, காப்பவனைத் துரத்திய உத்தரவு!

ஆக, நம்ம வேலையை நாமே பார்க்க வேண்டியதுதான். விபிஎன் போட்டால் மட்டும் விளம்பரமும் வேவும் நிற்காது. நீங்கள் லாகின் செய்த தளத்துக்கு நீங்கள் யாரென்று தெரியும். தடுப்பான் தனியாக வேண்டும். ஆனால் ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். போன் முழுக்க விளம்பரம் தடுக்கும் பல ஆப்கள் உட்காருவதும் அதே நாற்காலியில்தான். ஒன்று உட்கார்ந்தால் மற்றது எழுந்துவிடும்.

எனவே தடுப்பானை பிரவுசருக்குள் வையுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் இருக்கிறது. 'அதுவும் ஓசிதானே?' என்பீர்கள். அது உங்கள் போனுக்குள்ளேயே வேலை செய்கிறது. நீங்கள் பார்ப்பதை எந்த சர்வருக்கும் திருப்பிவிடுவதில்லை. அதன் நிரலும் எல்லோரும் பார்க்கத் திறந்து கிடக்கிறது. போன் முழுக்கத் தடுக்க வேண்டுமா? தடுப்பு வசதி உள்ளேயே இருக்கும் விபிஎன்னைக் காசு கொடுத்து வாங்குங்கள். அதற்கு முன் முதலாளி யார், 'பதிவு வைப்பதில்லை' என்பதை வெளி ஆடிட்டர் சோதித்தாரா என்று பாருங்கள்.

இந்த ஊரைச் சுற்றியுள்ள கிராமங்கள், எடுத்த நிலத்துக்கு இழப்பீடும் வேலையும் கேட்டு இன்னும் போராடுகின்றன. நம்ம போனைத் தோண்ட வருகிறவனுக்கோ நாமே 'அலவ்' பட்டனை அமுக்கி வழிவிடுகிறோம்.